விடு என்று சொல்லும்வரை

மத்தியானம் பன்னிரண்டு மணி. கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகிற வெளி ரோட்டு.

இரவில்லை... நல்ல வெயில். இரண்டு பக்கமும் வற்றிப்போன நீரேரி. மேலே உப்புப் பொருக்கு, உள்ளே சேறு. கண்ணுக்கெட்டிய தூரம் மரம் இல்லை. நிழல் என்று இருந்தது ஒரு காரின் நிழல் மட்டும். அந்தக் காருக்குக் கீழே ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்.

“மத்தியானத்திலை ஆரக்கா பேய் பாக்கிறது? அதுகளும் நித்திரை கொள்ளுற நேரமெல்லே,” என்றான் பார்த்தீபன்.

“நீ பூசணிக்காயைப் பார். விரலை வெட்டிப்போடாதை,” என்றார் மீனாம்பிகை.

வட்டுக்கோட்டையில் பெண் வீட்டு முற்றம். விடிந்தால் கலியாணம். பத்துப் பன்னிரண்டு பேர் சாக்கு விரித்து இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போய் அரை மணித்தியாலம். நடுவில் ஒரு சார்ஜர் லைற், அதுவும் மங்கிக்கொண்டு வந்தது. பொம்பிளைக்குப் பழைய ஒஸ்ரின் கார் பிடித்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அதில் தொடங்கியது கதை. மீனாம்பிகை தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர். கூட்டிக் கதைக்கத் தெரியாது. அதனால்தான் எல்லாரும் கிட்ட வந்து இருந்தார்கள்.

“இது எங்கடை கந்தோரிலை வேலை செய்யிற ஜெயதீபனின்ரை பெரியப்பாவுக்கு நடந்தது. போன வருசம், ஆவணியிலை,” என்றார். பிறகு தொடர்ந்து சொன்னார்.

பெரியப்பாவின் பெயர் நாகலிங்கம். உரும்பிராயில் வீட்டோடு சேர்ந்த கராஜ். புதுக் கார்கள் அங்கே வருவதில்லை. அறுபது வருடம் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ்... அவைதான் வரும். ஆள் மெலிவு. ஜக் அடித்துக் காரைத் தூக்காமலே கீழே புகுந்து வருவார்.

அவருக்கு ஒரு கையாள் இருந்தாள். மனைவி கேதீஸ்வரி.

கிளச் வேலையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை ஒரு ஆள் தனியச் செய்ய முடியாது. பெடலை மிதித்தால் ஒயில் ஒரு குழாய் வழியே கீழே போய், அங்கே ஒரு சின்னச் சிலிண்டரைத் தள்ளும். அது கிளச்சைத் தள்ளும். குழாய்க்குள் காற்று நின்றால் பெடல் வெறுமனே போய் வரும், கிளச் அசையாது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே சீற்றில். ஒருவர் கீழே, சிலிண்டரில் காற்றைத் திறந்துவிடுகிற நிப்பிளில் ஸ்பனரோடு.

கீழே இருந்து நாகலிங்கம் சொல்லுவார்: “அமத்து.”

மேலே கேதீஸ்வரி மிதித்துக்கொண்டு சொல்லுவாள்: “ம்.”

அவர் நிப்பிளைத் திறப்பார். காற்று புளுக்கென்று வரும். இறுக்குவார். “விடு” என்பார். பெடல் கிறீச்சென்று மேலே வரும். திரும்பவும் அமத்து. ம். விடு. அந்த வீட்டில் இருபத்துநாலு வருடம் அதிகம் கேட்ட பேச்சு அதுதான்.

கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் அவள் அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டாள். குழாய்க்குள் காற்று திரும்பப் போய், செய்த வேலை முழுவதும் பாழ். கராஜ் நிறைய ஆட்கள். நாகலிங்கம் காருக்குக் கீழே இருந்தபடியே கத்தினார்.

“நான் விடு எண்டு சொல்லாமல் விடாதை! உலகம் இடிஞ்சாலும் விடாதை!”

அதன் பிறகு அவர் சொல்லாமல் அவள் ஒருநாளும் விட்டதில்லை.

ஒருமுறை நடந்ததை உரும்பிராயில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். “அமத்து” என்று சொல்லிவிட்டு நாகலிங்கம் கீழே கிடந்தார். சங்கக்கடை மனேச்சர் வந்தார். இவர் எழும்பி வந்து கதைத்தார். சந்திக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். முக்கால் மணித்தியாலம். திரும்பி வந்தால் கேதீஸ்வரி சீற்றில் அப்படியே இருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. பெடலில் கால். கால் நடுங்குகிறது... பெடலும் அதோடு சேர்ந்து நடுங்குகிறது.

“என்னப்பா, விடேல்லையே?”

“நீங்கள் சொல்லேல்லையே.”

“அட, விசரி...” என்று சிரித்தார். “விடு.” அப்போதுதான் விட்டாள்.

பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது. “என்ரை மனிசன் எண்டால் நான் காரைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை விட்டிருப்பன்,” என்றாள் தாரிகா. மணப்பெண்ணின் தங்கை அவள். மீனாம்பிகை சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கேதீஸ்வரி செத்தது அதற்கு முந்தின வருடம். காய்ச்சல், நாலு நாள். ஆசுபத்திரியிலிருந்து மகள் சாருஜா போன் எடுத்தபோது நாகலிங்கம் ஒரு காருக்குக் கீழே கிடந்தார். கையெல்லாம் கிறீஸ். மண்ணெண்ணெயும் சவுக்காரமும் போட்டு உரஞ்சிக் கழுவிக்கொண்டு போனார். கழுவின நேரத்துக்குள் பிந்திவிட்டது. “அம்மா உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ,” என்றாள் சாருஜா. “பிறகு... நேர்ஸ் கண்ணை மூடி விட்டவ.”

இந்தக் கதை நடந்தது அவள் செத்து ஒரு வருடம் முடிந்த ஆட்டைத்திவசம் அன்று.

திவசத்தன்று வேலைக்குப் போகக்கூடாது. அவருக்கும் தெரியும். ஆனால் கொடிகாமத்துச் சிவசுப்பிரமணியம் மாஸ்ரரின் காரை அன்றைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மாஸ்ரர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். விடியக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்துவிடலாம் என்று நினைத்தார். விடியப் புறப்பட முடியவில்லை. ஐயர் வந்து, சடங்கு முடிந்து, பதினொன்றுக்குத்தான் காரை எடுத்தார். படையலும் காகத்துக்குச் சோறும் மிச்சம். “பன்னிரண்டரைக்கு முதல் வந்திடுவன்,” என்றார் சாருஜாவிடம்.

அந்தக் கிழமை முழுவதும் அந்தக் காரில்தான் வேலை. கியர்ப்பெட்டியை இறக்கி, தேய்ந்துபோன கிளச் பேரிங்கை எடுத்துப் புதியது போட்டிருந்தார். அதைத் தள்ளுகிற கவைக்கும் புது புஷ். சிலிண்டரை மட்டும் மாற்றவில்லை. மாஸ்ரர் புதியது வாங்கிக் கொடுத்திருந்தார், அது டிக்கிக்குள் பெட்டியோடு கிடந்தது. “பழசு இன்னும் ஒரு வருசம் ஓடும்” என்று விட்டார். உண்மை வேறு. சிலிண்டர் மாற்றினால் காற்று எடுக்க வேணும். காற்று எடுக்க ஆள் வேணும். சீற்றில் இன்னொரு ஆளை இருத்த அவருக்கு மனம் வரவில்லை.

வெளி ரோட்டின் நடுவில் பெடல் சட்டென்று நிலத்தில் போய் ஒட்டியது. சிலிண்டருக்குள் றப்பர் வெடித்துவிட்டது.

காரை ஓரத்தில் இறக்கினார். ரோட்டு உயரம், ஓரம் சரிவு. காரின் மூக்கு நீரேரியைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஹான்ட் பிறேக் கேபிள் அறுந்து எத்தனையோ வருடம். பழைய கார்க்காரர் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். எஞ்சினை நிற்பாட்டி முதலாம் கியரில் போட்டார். கியரில் கிடக்கிற கார் உருளாது. கிளச்சை யாரும் அமத்தாதவரைக்கும் உருளாது. பின்சில்லு உருளாதபடி ஒரு முருகைக்கல்லும் வைத்தார். அங்கே கிடப்பது அந்தக் கல்தான். கையால் உடைக்கலாம்.

புதுச் சிலிண்டரைப் பூட்ட இருபது நிமிடம். இனிக் காற்று.

ரோட்டைப் பார்த்தார். இந்தப் பக்கமும் ஒருவரும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வெயிலில் தார் மினுங்கியது. ஒரு தடி எடுத்தார். பெடலை அமத்தி, பெடலுக்கும் சீற்றுக்கும் இடையில் தடியை முட்டுக் கொடுத்தார். கீழே புகுந்தார். நிப்பிளைத் திறந்தார், இறுக்கினார். வெளியே வந்தார். தடியை எடுத்தார். பெடலைக் கையால் தூக்கினார். திரும்ப முட்டுக் கொடுத்தார். திரும்பக் கீழே... ஐந்து தரம். முதுகு உப்பு மண்ணில் வெந்தது. கண்ணுக்குள் வேர்வை. போன் அடித்தது. சாருஜா.

“அப்பா, நேரமாகுது. காகத்துக்கு வைக்கோணும்.”

“நீ வை பிள்ளை. நான் வந்திடுறன்.”

போனை முன் சீற்றில் போட்டுவிட்டுத் திரும்பவும் கீழே புகுந்தார். ஸ்பனரை நிப்பிளில் வைத்தார். நிப்பிளிலிருந்து ஒரு ரியூப், ரியூப்பின் நுனி சோடாப் போத்தலுக்குள். கண்ணை மூடிக்கொண்டு, களைப்பில், இருபத்துநாலு வருடப் பழக்கத்தில் சொன்னார்:

“அமத்து.”

“ம்.”

ஸ்பனரைத் திருப்பினார். புளுக்... புளுக்... காற்று வந்தது. இறுக்கினார்.

“விடு.”

கிறீச்.

“அமத்து.”

“ம்.”

புளுக்.

“விடு.”

கிறீச்.

மூன்றாவது தரமும் அப்படித்தான். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்றையும் நினைக்கவில்லை. போத்தலைப் பார்க்க முகத்தைத் திருப்பினார். காருக்கு வெளியே, புல்லில், அந்தத் தடி கிடந்தது.

அவர் அதையே பார்த்தார். பெடலுக்கு முட்டுக் கொடுக்கிற தடி. புல்லில்.

வெளி முழுவதும் சத்தம் நின்றுபோயிருந்தது. காற்றும் இல்லை.

“ஆரது?” என்றார்.

தலையைச் சரித்துப் பார்த்தார். கதவுப் பக்கம் காலடி ஒன்றும் இல்லை. அவர் தவழ்ந்த தடம் மட்டும். மேலே சீற்றின் ஸ்பிறிங் மெதுவாக முனகியது... இருக்கிற ஆள் கொஞ்சம் சரிந்து இருப்பதுபோல. பிறகு மணம் வந்தது. மண்ணெண்ணெயும் சவுக்காரமும். அவருடைய உடுப்புகளை அவள் தோய்க்கிற மணம். ஒரு வருடமாக அவர் உடுப்புகளில் அந்த மணம் இல்லை.

அப்போது வெளியே வந்திருக்கலாம். ஸ்பனரைப் போட்டுவிட்டு இரண்டு முழம் நகர்ந்தால் ரோட்டு. அவருக்குத் தெரியும்.

அவர் வரவில்லை. நாக்கை நனைத்துக்கொண்டு, மெல்ல, பயந்து பயந்து சொன்னார்:

“அமத்து.”

“ம்.”

நிப்பிளைத் திறந்தார். காற்று ஒரு துளியும் இல்லை. ஒயில் மட்டும், சுத்தமாக. காற்று முழுவதும் போய்விட்டது. இறுக்கினார். வேலை முடிந்தது.

இப்போது சொல்ல வேண்டியது ஒரு சொல். சொன்னால் பெடல் மேலே வரும். பெடல் மேலே வந்தால் பிறகு அமத்தச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவர் கண்ணீர் காதுக்குள் ஓடியது. சொல்லவில்லை. கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம்.

கறக்...

முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தச் சத்தம் இன்னொருதரம் கேட்டது. கறக். முருகைக்கல் நொறுங்குகிற சத்தம்.

கியர்தான் காரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளச்சை அமத்தினால் அந்தப் பிடி இல்லை. இவ்வளவு நேரமும் குழாய்க்குள் நின்ற காற்றுத்தான் அவரைக் காப்பாற்றியது. அதை அவரே எடுத்துவிட்டார்.

கல் மாவாகப் போனது. கார் நகர்ந்தது. அவசரமாக இல்லை... ஒரு மாடு எழும்புவதுபோல. முன்சில்லு உப்புப் பொருக்கை உடைத்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கியது. முன்பக்கம் பதிந்தது. கியர்ப்பெட்டி அவர் நெஞ்சில் வந்து இருந்தது.

“வி...”

அவ்வளவுதான் வந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை.

நிப்பிளைத் திறந்தாலும் போதும், கிளச் பிடித்துக்கொள்ளும். ஸ்பனர் வயிற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது. வலது கை கியர்ப்பெட்டிக்குக் கீழே. இடது கை எட்டவில்லை.

சில்லு இன்னும் இறங்கியது. ஒரு விரற்கடை. சேறு சளக்கென்றது.

அவர் வாயைத் திறந்தார். உதட்டைப் பல்லில் வைத்து அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பிடித்தார். சத்தம் இல்லை. இரண்டடி உயரத்தில் அவள் இருக்கிறாள். அவர் ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவாள். சொல்லாமல் விடமாட்டாள். உலகம் இடிந்தாலும்.

மேலே சீற்றில் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்து நின்றது. திரும்ப அடித்தது.

இன்னொரு விரற்கடை.

மேலே இருந்து, கேட்பதுபோல, மெதுவாக:

“ம்?”

அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

தாரிகா கத்தியைக் கீழே வைத்திருந்தாள். வெங்காயம் உரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பார்த்தீபன் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். “பிறகு?” என்றது ஒரு குரல். யாரென்று தெரியவில்லை.

பிரகாஸ் என்று ஒரு பெடியன். கொடிகாமம் சந்தைக்கு லொறி ஓடுகிறவன். மரக்கறி இறக்கிப்போட்டு வெறும் லொறியோடு வந்தான், பின்னால் மூட்டை தூக்குகிற நாட்டாமைகள் இரண்டு பேர். காருக்குக் கீழே இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டான். கால்கள் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தன.

லொறிக் கயிற்றைக் காரின் பின்பக்கம் கட்டினார்கள். கியர் எதில் கிடக்கிறது என்று பார்க்கப் பிரகாஸ் கதவைத் திறந்தான். உள்ளே ஒருவரும் இல்லை. சவுக்கார மணம். கியர், முதலாவதில். அவனும் வாகனக்காரன். முதலாவதில் கிடக்கிற கார் எப்படி உருண்டது என்று கீழே பார்த்தான். கிளச் பெடல் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது.

கையை விட்டுப் பெடலை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். “இறுகிக் கிடந்திருந்தால் எனக்குத் தெரியும்,” என்று பிறகு ஜெயதீபனிடம் சொன்னான். “அது இறுகிக் கிடக்கேல்லை அண்ணை. நான் இழுக்க இழுக்க... அதுவும் திருப்பி அமத்தினது.”

நியூற்றலுக்குத் தட்டி, லொறியால் காரைப் பின்னுக்கு இழுத்தார்கள். நாகலிங்கத்தை வெளியே எடுத்தார்கள். நாலு விலா முறிவு. முகம் கறுத்திருந்தது. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

அதேநேரம் உரும்பிராயில் சாருஜா சோறு வைத்துவிட்டு முற்றத்தில் நின்று காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னேரம்வரைக்கும் ஒரு காகமும் வரவில்லை.

காரைக் கட்டியிழுத்து வந்து நாகலிங்கத்தின் கராஜிலேயே விட்டார்கள். குருநகரிலிருந்து எமில்ராஜ் என்று ஒரு மெக்கானிக் வந்தார். நல்ல வேலை தெரிந்தவர், ஒன்றையும் நம்பாதவர். குழாயைக் கழற்றினார், ஒயில் முழுவதையும் விட்டார். பெடல் வரவில்லை. பெடலை, மேலே ஒயிலைத் தள்ளுகிற சிலிண்டரோடு பிடிக்கிற ஆணியை எடுத்தார். இப்போது அந்தப் பெடல் ஒன்றோடும் சேர்ந்தில்லை. மேலே இழுக்க ஒரு ஸ்பிறிங் மட்டும், அவர் பூட்டின புதுசு, விறைத்தபடி நிற்கிறது. பெடல் நிலத்திலேயே கிடந்தது. எமில்ராஜ் கை கழுவினார். காசு வாங்காமல் போனார்.

மாஸ்ரர் அந்தக் காரைத் திரும்பக் கேட்கவில்லை.

“அந்த மனிசனுக்குச் சத்தம் வரேல்லையே அக்கா?” என்று கேட்டாள் தாரிகா. “வாயாலை ஒரு சொல்லுத்தானே.”

மூன்று மாதம் வரவில்லை. சாடையில்தான் கதைத்தார். மார்கழியில் ஒருநாள் காலையில் “பிள்ளை, தேத்தண்ணி” என்றார். சாருஜா ஓடிவந்தாள். தேத்தண்ணி ஊற்றவில்லை. அவரைக் கையில் பிடித்துக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அப்பா, சொல்லிவிடுங்கோ. அம்மாவுக்குக் கால் நோகும்.”

நாகலிங்கம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெறும் சீற்றைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“சொல்லுறன் பிள்ளை,” என்றார். “நாளைக்குச் சொல்லுறன்.”

அடுத்தநாளும் அதையேதான் சொன்னார். சாருஜா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். தானே உள்ளே போய் “அம்மா, விடுங்கோ, விடுங்கோ” என்றாள். ஒன்றும் அசையவில்லை. மகள் சொல்லி அம்மா விடுகிற வழக்கம் இல்லையே. இப்போது அவர் வேறு கார் வேலைக்கு எடுப்பதில்லை. பின்னேரங்களில் ஒரு ஸ்ரூலைக் கொண்டுபோய்ப் போட்டு, திறந்த கதவுக்குப் பக்கத்தில் இருப்பார். ஊர்ப் புதினம் கதைப்பார். இருட்டினதும் எழும்பி வருவார். எல்லாச் சொல்லும் அவருக்கு வரும். நன்றாகவே வரும்.

மீனாம்பிகை கத்தியை எடுத்தார். கத்தரிக்காய் ஒன்றைக் கையில் எடுத்து, வெட்டாமல் வைத்திருந்தார்.

“போன கிழமை ஜெயதீபன் அங்கை போனவன்,” என்றார். “பெரியப்பா உள்ளுக்குப் படுத்திருந்தாராம். இவன் கராஜுக்குப் போய், கதவைத் திறந்து, குனிஞ்சு அந்தப் பெடலிலை விரலை வைச்சுப் பாத்திருக்கிறான்.”

சார்ஜர் லைற் ஒருதரம் மங்கி, அணைந்தது.

“நடுங்குதாம்.”